கட்டங்களை நிரப்பினால் போதாது: மனநலச் சிகிச்சையில் உயிர்-உள-சமூக அணுகுமுறை

மனநலப் பிரிவின் கேஸ் ஷீட்டில் உடல், உள்ளம், சமூகம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் ‘குறிப்பிடும்படி ஒன்றுமில்லை’ என்று எழுதியிருப்பார்கள். அடுத்ததில் ‘தன்னம்பிக்கை குறைவு’. மூன்றாவதில் ‘ஏழ்மை, குடும்பச் சிக்கல்’. அதற்குக் கீழே மருந்து: மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடலோபிராம் 10 மி.கி., காலையில் ஒன்று, 30 நாட்களுக்கு. மூன்று கட்டங்களையும் கிழித்துப் போட்டிருந்தாலும் இதே மருந்துதான் இதே அளவில் எழுதப்பட்டிருக்கும். மேலே எழுதியது கீழே எழுதியதைக் கொஞ்சமும் மாற்றவில்லை என்றால் அந்தக் கட்டங்கள் எதற்கு?

உயிர்-உள-சமூக மாதிரியைப் படித்த பலர் அதை ஒரு பட்டியலாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நோய்க்கு உடற்காரணமும் உண்டு, மனக்காரணமும் உண்டு, சமூகக் காரணமும் உண்டு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது போல. யாரும் மறுக்காத அந்த வாக்கியத்தால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு கட்டத்தில் இருப்பது இன்னொரு கட்டத்தில் இருப்பதை எப்படித் தூண்டுகிறது, அந்தத் தொடரை முதலில் எங்கே அறுப்பது, அதை இந்த வாரம் யார் செய்வது என்ற கேள்விகளுக்கு விடை எழுதும்போதுதான் இந்த மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது.

இதை முன்வைத்த ஜார்ஜ் எங்கல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொது மருத்துவர்; உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெற்றவர். 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, நோயை உடலின் வேதியியல் கோளாறாக மட்டும் சுருக்கும் பார்வை மருத்துவம் முழுமைக்குமே போதாது என்று வாதிட்டது. நீரிழிவையும் மனச்சிதைவையும் அருகருகே வைத்துத்தான் அவர் பேசினார். 1980-இல் எழுதிய அடுத்த கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட நேர்வு ஒரு மாரடைப்பு. நோயாளிக்கு 55 வயது; ஆறு மாதத்துக்கு முன்தான் ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது. அலுவலகத்தில் வலி தொடங்குகிறது. ஒன்றுமில்லை என்று தள்ளிப்போடுகிறார். மேலதிகாரி பக்குவமாகப் பேசி மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அவசரப் பிரிவில் நிலைமை சீராகிறது. அந்த நேரத்தில் பயிற்சி மருத்துவர்கள் தமனியிலிருந்து ரத்தம் எடுக்க முயல்கிறார்கள். ஊசி சரியாக இறங்கவில்லை. திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். பிறகு வேறு ஆளைக் கூப்பிட அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள். வலி, எரிச்சல், இவர்களுக்கு வேலை தெரியுமா என்ற சந்தேகம், வாய்விட்டுச் சொல்ல முடியாத கோபம் எல்லாம் அவருக்குள் ஏறுகின்றன. சற்று நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி நினைவிழக்கிறார். மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கிறார்கள். இதயத் தசையை மட்டும் பார்ப்பவர் இதை மாரடைப்பின் இயல்பான அடுத்த கட்டம் என்பார். அந்த அறையில் நடந்தது எந்த வழியாக இதயத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று எங்கல் பார்த்தார். அந்த வழியைத் தேடுவதுதான் மாதிரியின் சாரம்.

மனநலப் பணியில் இதைக் கையாள நான்கு கேள்விகளைக் கூடச் சேர்த்துக்கொள்கிறோம். இவரை இந்நோய்க்கு ஆளாக்கும்படி முன்பே இருந்தது எது? இப்போது கிளப்பிவிட்டது எது? ஓயவிடாமல் பிடித்துவைத்திருப்பது எது? இத்தனைக்கும் நடுவில் இவரைத் தாங்கி நிற்பது எது? மூன்று கட்டமும் நான்கு கேள்வியுமாகப் பன்னிரண்டு அறைகள் கிடைக்கும். பன்னிரண்டையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிரப்பியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தால் நோயாளி சொல்லாததையும் நாமே எழுதிவிடுவோம். சிகிச்சைக்கு அதிகம் உதவுவது மூன்றாவது கேள்வி. ஆறு வயதில் தாயை இழந்ததை மாற்ற முடியாது. தினமும் மூன்று மணி நேரமே தூங்குவதை மாற்றலாம். பெரும்பாலும் வெறுமையாக விடப்படுவது நான்காவது. அதை விட்டுவிட்டால் சிகிச்சைத் திட்டத்தில் சாய்ந்துகொள்ள எதுவும் இருக்காது.

ஒரு நேர்வைக் கட்டிப் பார்ப்போம். உண்மையான யாரையும் குறிப்பதில்லை. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியும் புறநோயாளிப் பிரிவுகளில் நாள்தோறும் வருவதுதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கும் பெண், 39 வயது, பீஸ் ரேட் கூலி. கணவர் பெயின்ட் வேலை, தினமும் குடி. மகள் பிளஸ் டூ. மைக்ரோ பைனான்ஸில் இரண்டு குழுக் கடன். வந்து சொல்வது: “உடம்பெல்லாம் வலிங்க, தலை கிறுகிறுங்குது, ராத்திரி தூக்கமே இல்லைங்க.” மனச்சோர்வு என்ற சொல் அவர் வாயில் வராது. வரவேண்டியதும் இல்லை.

முதல் சந்திப்பில் வலியிலிருந்தே தொடங்க வேண்டும். “வலி எப்பிருந்துங்கக்கா? அது வந்ததுக்கப்புறம் எதையெல்லாம் விட்டுட்டீங்க?” என்ற இரண்டாவது கேள்வி பல கதவுகளைத் திறக்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர் ஒரு ஷிப்டோடு எழுந்து வந்துவிடுகிறார். பக்கத்து வீட்டுத் தோழி வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. கோயிலுக்குப் போவதில்லை. அடுத்து, கணவர் கூட வந்திருந்தால் எடை பார்க்கவோ சீட்டு போடவோ அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பத்து நிமிடம் பேச வேண்டும். வீட்டில் அடி உண்டா என்பதைக் கணவர் இருக்கும்போது கேட்டால் விடை கிடைக்காது. அதைவிட மோசமாக, வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்விக்காகவே அடி விழலாம்.

உடல் கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதப்படுவதற்கு முதல் காரணம், யாரும் கேட்காதது. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேடு, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்டால் போதும். ஏழு நாளுக்கு மேல் போவதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதும் அதிகப்படியான போக்கு. இவருக்கு ஹீமோகுளோபின் 7.4 என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை. 8-க்குக் கீழே கடுமையானது. கூடவே தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பார்த்துவிடுவது நல்லது. வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்க வேண்டும். சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் ராத்திரிக்கு ஒன்று என்பது அப்போதுதான் வெளியே வரும்.

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஹெச்க்யூ-9 வினாப்பட்டியலில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். 15 முதல் 19 வரை ஓரளவு கடுமை. இவருக்கு 17. இந்த 17-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கம் 3, அசதி 3, பசி 2, கவனம் 2, மந்தம் 1 என்று பதினொன்று உடல் சார்ந்த கேள்விகளிலிருந்தே வந்திருக்கிறது. இவற்றில் பலவற்றை ரத்தசோகை மட்டுமே ஏற்றிவிடும். ஆர்வமின்மை 2, மனவாட்டம் 2, குற்றவுணர்வு 1, சாக வேண்டும் என்ற எண்ணம் 1. முதல் இரண்டும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருப்பதால் மனச்சோர்வும் இருக்கிறது. முழுவதும் ரத்தசோகை என்று தள்ளிவிட முடியாது. மொத்த எண்ணை மட்டும் எழுதி வைத்தால், நான்கு வாரம் கழித்து இரும்புச் சத்தால் குறைந்த புள்ளிகளை மனச்சோர்வு மாத்திரையின் வெற்றி என்று தவறாகக் கணக்கில் எழுதிவிடுவோம்.

கடைசிக் கேள்விக்கு 1 வந்தாலும் அங்கேயே நின்று பேச வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. செத்தா தேவலைன்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா, அதுக்கான பொருள் வீட்டுல இருக்கா, முன்னாடி எப்பவாவது முயற்சி நடந்திருக்கா, அப்பல்லாம் உங்களைத் தடுத்தது எது என்ற வரிசையில் கேட்கலாம். முயற்சி நடந்ததைக் குடும்பம் ‘வயிற்று வலி’ என்று மறைப்பதற்குப் பெரிய காரணம் போலீஸ் கேஸ் பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைக் குடும்பத்துக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் உண்மையான வரலாறு வரும். இன்னொரு கட்டாயக் கேள்வி: சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, படபடவென்று பேசிக்கொண்டு, கை கொள்ளாமல் செலவு செய்த காலம் எப்போதாவது உண்டா? இருந்தால் இது சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். தனியாகக் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரை அவரை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடக்கூடும்.

இப்போது கோடுகளைப் போடுவோம். உதிரப்போக்கால் ரத்தசோகை; அதனால் மூச்சு வாங்குகிறது, ஒன்றரை ஷிப்ட் முடியவில்லை. பீஸ் குறைகிறது, சனிக்கிழமைக் கூலி குறைகிறது. தவணை தவறுகிறது. குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள்தான் பகிர்ந்து கட்ட வேண்டும். அதனால் வசூல்காரர் மட்டுமல்ல, தெருவில் பழகிய பெண்களே வாசலில் நிற்கிறார்கள். அவமானத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார். தோழியும் அதே குழுவில் இருப்பதால் அந்த வீட்டுக்குப் போவதும் நின்றது. பேச ஆளில்லாத இரவில் ‘நான் இருந்து யாருக்கு என்ன’ என்ற நினைப்பு ஓடுகிறது. தூக்கம் போகிறது, தூக்கமில்லாததால் வலி கூடுகிறது, வலிக்கு டைக்ளோஃபெனாக், அது வயிற்றுப் புண்ணைக் கிளப்பி, உள்ளுக்குள் ரத்தம் கசிய வைத்து, ரத்தசோகையை இன்னும் கூட்டக்கூடும். வட்டம் முழுமையாகிறது. ‘ஏழ்மை’ என்று எழுதிய கட்டத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

வட்டம் தெரிந்ததும் மருந்துச் சீட்டே மாறுகிறது. எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் ரத்தத் தட்டணுக்களின் செரோடோனினைக் குறைப்பதால் ரத்தக்கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். டைக்ளோஃபெனாக்கோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு இன்னும் ஏறும். ஆகவே முதலில் டைக்ளோஃபெனாக் நிற்க வேண்டும், வலிக்குப் பாரசிட்டமால். மகளிர் நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரை, ஸ்கேன், போக்கைக் குறைக்கும் சிகிச்சை. அதன்பின் எஸ்சிடலோபிராமைக் குறைந்த அளவில் தொடங்கிக் கவனிக்கலாம். அல்லது தூக்கத்தையும் பசியையும் மீட்டுத் தரும் மிர்டாசபினை இரவில் கொடுக்கலாம். ஆனால் மறுநாள் காலை மயக்கம் மிச்சமிருந்தால் ஓடும் ஊசிக்கு அடியில் விரல் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின் விலை மலிவு, வலிக்கும் கேட்கும் என்பதால் கை தானாக அங்கே போகும். அளவு மீறினால் இதயத்தைக் குலைக்கும் மருந்து அது; சாகும் எண்ணம் உள்ளவர் கையில் ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது தவறு. எந்த மாத்திரையானாலும் முதல் சில வாரங்களுக்கு ஏழு நாள் ஏழு நாளாகக் கொடுக்கலாம். வைத்திருப்பது யார் என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். வழக்கம்போலக் கணவரிடம் கொடுப்பது இங்கே பொருந்தாது. மகள் தலையில் சுமத்துவதும் நல்லதல்ல. பக்கத்து வீட்டுத் தோழி சரியான ஆளாக இருக்கலாம். அறுந்த உறவைத் தொடங்க அது ஒரு காரணமாகவும் ஆகும்.

இரும்பு மாத்திரை பலருக்கு வேலை செய்யாமல் போவது அற்பக் காரணங்களால்தான். டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. மலம் கறுப்பாகப் போகும் என்று முன்பே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார். குமட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது ரத்தம் இன்னும் வெளியே போகிறது. சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். மனச்சோர்வு மாத்திரைக்கும் இதே விதிதான்: முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம், மனம் லேசாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாம் நாள் ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுவார்கள்.

மனக் கட்டத்துக்கான சிகிச்சை என்றதும் ஒரு மணி நேர ஆலோசனை, பன்னிரண்டு அமர்வு என்று நினைத்துக்கொண்டு, ஆளில்லை என்று கைவிட்டுவிடுகிறோம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்திய ஆய்வில், மனநலப் பட்டம் ஏதுமில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆறு முதல் எட்டு அமர்வில் கடும் மனச்சோர்வுக்குப் பலன் காட்டினார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்கள் செய்தது செயலூக்கச் சிகிச்சை: விட்டுப்போன செயல்களைச் சிறு துண்டுகளாகத் திரும்பக் கொண்டுவருவது. முதல் வாரம், எந்த நேரத்தில் என்ன செய்தார், அப்போது மனம் பத்துக்கு எத்தனை என்று குறிப்பது. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் போதும். அதிலிருந்து ஒன்றிரண்டு செயல்களைத் தேர்ந்து நாள், நேரம், இடத்தோடு உறுதி செய்வது. ‘தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க’ என்று பத்து மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து எழும் பெண்ணிடம் சொல்வது சிகிச்சையல்ல. ‘ஞாயிறு காலை பத்து மணிக்குத் தோழி வீட்டில் டீ’ என்பது திட்டம். போகவில்லை என்றால் அடுத்த அமர்வில் ஏன் என்று குறை சொல்லக் கூடாது. எந்த இடத்தில் தடுத்தது என்று பார்த்து இன்னும் சிறிதாக்க வேண்டும்.

சமூகக் கட்டம்தான் மிகவும் ஏமாற்றப்படுகிறது. ‘கடன் பிரச்சினைக்கு நாம என்ன பண்ண முடியும்’ என்பது வழக்கமான பதில். பண்ண முடிந்தவை சில உண்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, மைக்ரோ பைனான்ஸ் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அங்கே கடன்தாரர் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராதபோதே வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். சமூகப் பணியாளர் கிளை மேலாளரிடம் பேசித் தவணையைத் திருத்தச் சொல்லலாம். முடியாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இரண்டாவது, தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ. கம்பெனி அவர் பெயரில் சந்தா கட்டியிருந்து, தேவையான நாட்கள் நிறைந்திருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70% ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காண்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட்டில் இருப்பவர்களைப் பதிவே செய்யாமல் விட்டிருப்பார்கள். அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இரண்டு வார ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால், அந்த ஓய்வே அடுத்த தவணையைத் தவறவைக்கும். அடி இருந்தால் 181 மகளிர் உதவி எண், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர். எப்போது, எதைப் பயன்படுத்துவது என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும்.

கணவரின் குடியும் இந்த வட்டத்தில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. குடியை நிறுத்த என்று சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை, மேலே குடித்தால் ரத்த அழுத்தத்தை விழவைத்து உயிருக்கே ஆபத்தாகும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து உண்டு: முதல் இரண்டு நாளில் வலிப்பு, மூன்றாம் நாளையொட்டி மனக்குழப்பமும் உளறலும் வரலாம். மனைவிக்கு நல்லது செய்யும் எண்ணத்தோடு ‘இன்னையோட நிறுத்துங்க’ என்று கணவரை மிரட்டி அனுப்பினால், மூன்றாம் நாள் அவரே அவசரப் பிரிவுக்கு வருவார்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. முதல் வாரத்துக்கு ஐந்து: பாதுகாப்பு, டைக்ளோஃபெனாக் நிறுத்தம், இரும்பு, மகளிர் நோய்ப் பரிந்துரை, தோழிக்கு ஒரு போன். இரண்டாம் வாரம் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, சாகும் எண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கடன் வேலையைத் தொடங்கலாம். நான்காம் வாரம் ஹீமோகுளோபினும் பிஹெச்க்யூ-9-உம். புள்ளி பாதியாகக் குறைந்தால் நல்ல பலன். ஐந்துக்குக் கீழே வந்தால் மீட்சி. குறையவில்லை என்றால் மாத்திரை அளவை ஏற்றுவதற்கு முன் கோடுகளை மறுபடி பார்க்க வேண்டும். பிரிவுகளில் அடிக்கடி நடப்பது இதற்கு நேர்மாறு: கேள்வி ஒன்றும் கேட்காமல் 10 மி.கி. 20 ஆகும், பிறகு இரண்டாவது மாத்திரை சேரும். வீட்டில் அடி தொடர்ந்துகொண்டிருக்கும்.

நூறு பேர் காத்திருக்கும் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தானே என்பார்கள். நியாயமான கேள்வி. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மருத்துவர் மட்டும் இல்லை. உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லாரும் உண்டு. வினாப்பட்டியல், மாதவிலக்கு, மாத்திரை விவரம் ஆகியவற்றைச் செவிலியர் முன்பே கேட்டுவிட்டால் மருத்துவரின் ஐந்து நிமிடம் முடிவெடுக்க மிஞ்சும். எல்லாருக்கும் முழு வரைபடம் தேவையில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவர், நான்கு வாரத்தில் தேறாதவர், மறுபடி மறுபடி சேர்க்கப்படுபவர் ஆகிய மூன்று பிரிவினருக்காவது அரை மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பகுதி வேலை நடந்துவிடும்.

மருந்து இல்லாமல் முடியாத கடும் நோய்களில் இந்தக் கோடுகள் இன்னும் கூர்மையாகத் தெரியும். மனச்சிதைவுக்கு குளோசபின் எடுக்கும் இளைஞர் ஒருநாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். புகையில் உள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி மருந்தை வேகமாகக் கழிக்கும். வார்டில் பீடி கிடைக்காது. அதே அளவு மருந்து ரத்தத்தில் ஏறி, தூக்கமும் எச்சிலும் கூடி, வலிப்புக்கும் வழி திறக்கும். அளவைக் குறைத்து அனுப்புகிறோம். ஊரில் மறுபடி பீடி. மருந்து அளவு ரத்தத்தில் இறங்கி, காதில் குரல்கள் திரும்புகின்றன. ‘மாத்திரை போடலை’ என்று வீட்டார் மேல் பழி விழும். அவர்கள் ஒழுங்காகத்தான் கொடுத்திருப்பார்கள். அதே நோய்க்குத் தரும் ஒலான்சபினுக்கும் இது பொருந்தும்.

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவருக்குக் கோடைதான் சிக்கல். ரத்தத்தில் அதன் அளவு 0.6 முதல் 0.8 வரை இருந்தால் போதும்; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் எண் சரியாக இருக்கும். சித்திரை வெயிலில் கட்டட வேலை பார்த்து வியர்த்துக் கொட்டினாலும், உப்பைத் திடீரென ஒதுக்கினாலும், நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் நோன்பு இருந்தாலும், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போட்டாலும் லித்தியம் ஏறும். கை பலமாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம். வேலை என்ன, வெயிலில் நிற்பவரா என்ற கேள்வி இங்கே சமூகக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதன் விடை லித்தியத்தை வெளியேற்றும் சிறுநீரகத்தில் இருக்கிறது.

குடும்பத்தின் பங்கும் அளக்கப்பட்ட விஷயம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள், ஓயாமல் குறை சொல்லும், பகை காட்டும், அல்லது அளவுக்கு மீறித் தாங்கும் வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் சீக்கிரம் திரும்பியதைக் காட்டின. 1976-இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அத்தகைய வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பது ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டார்கள். தினமும் நாலு மணி நேரம் டீக்கடையிலோ தோட்டத்திலோ பகல்நேர மையத்திலோ இருப்பது ஏன் சிகிச்சை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். இதை வைத்துக்கொண்டு தாயைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. குடும்பத்தைப் பங்காளியாக்குவதில் நமக்கு நல்ல வரலாறு உண்டு: 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளியோடு தங்கவைத்தார். வேலூர் சிஎம்சி மனநல மையத்திலும் வீட்டார் கூடவே தங்குவது சிகிச்சை முறையின் ஒரு பகுதியானது.

கட்டங்களைத் தாண்டி ஊர் அளவில் செய்ய வேண்டியதும் உண்டு. இலங்கை கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததைத் தொடர்ந்து, 1995-இல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70% இறங்கியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். ஆத்திரத்தின் உச்சம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இல்லாமலிருப்பது எந்த மாத்திரைக்கும் குறையாத சிகிச்சை.

இந்த மாதிரியின் மேல் கடுமையான விமர்சனமும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் நாசிர் கெமி, இது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எதற்கும் முன்னுரிமை தராத கலவையாகிவிட்டது என்று 2009-இல் எழுதினார். பட்டியலாகப் பயன்படுத்தும் இடங்களுக்கு அது முழுக்கப் பொருந்தும். சில நிலைகளில் மற்ற இரண்டு கட்டங்களையும் சிறிது நேரம் மூடிவைக்கத்தான் வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த 70 வயதுக்காரர் இன்று உளறினால் குடும்பச் சிக்கலை ஆராயக் கூடாது. சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றை அந்த மணி நேரத்திலேயே பார்க்க வேண்டும். சிலைபோல் உறைந்து, பேசாமல், உண்ணாமல் கிடப்பவருக்கு ஆறுதல் பேச்சு உதவாது. லோராசிபாம் ஊசி பல நேரம் சில நிமிடங்களிலேயே பேசவைக்கும். எது முதலில் என்று சொல்லத் தெரியாதவர் கையில் மாதிரி வெறும் தாள்.

கோயில், தர்கா, செய்வினை பற்றிய பேச்சை ‘மூடநம்பிக்கை’ என்று ஒரு சொல்லில் சமூகக் கட்டத்துக்குள் தள்ளுவதும் சோம்பல்தான். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். கட்டி வைப்பது குற்றம். 2017 சட்டமும் சங்கிலியைத் தடை செய்கிறது. வழிபாடு வேறு. “இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போய்ட்டு வந்தீங்க? அங்க என்ன சொன்னாங்க?” என்று மரியாதையோடு கேட்டால், எத்தனை மாதம் மருந்தில்லாமல் போனது, கையில் இருந்த காசு எங்கே போனது, யார் பேச்சை வீடு கேட்கும் என்ற மூன்றுக்கும் விடை வரும். மந்திரித்த கயிற்றோடு மாத்திரையும் போகலாம்.

வரைந்த வட்டத்தை நோயாளிக்கே படித்துக் காட்ட வேண்டும். மருத்துவச் சொல் எதுவும் வேண்டாம்: “ரத்தம் கொறஞ்சதுல வேலை கொறஞ்சு, தவணை தப்பி, யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாம கதவைச் சாத்திட்டீங்க, அதுல தூக்கம் போச்சு. நான் சொல்றது சரிங்களாக்கா?” பல நேரம் அவர் திருத்துவார். தவணையைவிட மகளின் காலேஜ் பீஸ்தான் ராத்திரி முழுக்க உறுத்துகிறது என்பார். அப்படியானால் சமூகப் பணியாளரின் முதல் போன் கல்வி உதவித்தொகைக்குப் போக வேண்டும்; வசூல்காரர் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கலாம்.

தேறிய பிறகும் மனச்சோர்வு மாத்திரையை ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது சில வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வந்து, நோய் திரும்பிவிட்டதோ என்று பயமுறுத்தும். மகளின் பொதுத்தேர்வு மாதத்திலோ, கம்பெனியில் ஆர்டர் இல்லாத மாதத்திலோ நிறுத்தத் தொடங்க வேண்டாம். நிறுத்தத் தொடங்கும் வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பார்க்க வேண்டும். மனம் மறுபடி இறங்கத் தொடங்கினால் முதலில் தெரியும் அறிகுறி எது என்று அவரையும் தோழியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்: ஞாயிற்றுக்கிழமை டீக்குப் போகாமல் இருப்பது, ராத்திரிக்கு வலி மாத்திரை கேட்பது. இரண்டும் இரண்டு வாரம் தொடர்ந்தால் தேதிக்குக் காத்திராமல் வரவேண்டும். இரவு நேரமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.